குறும்படம் எடுத்தா காசு வருமா? லோன் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



சொந்த ஊர் தொண்டின்னு வச்சுக்குவோம். மாசம் 35,000 ரூபாய் சம்பளம். மனசுல ஒரு நல்ல கதை, எட்டிப் பார்த்தா கடல். 3 லட்சம் பர்சனல் லோன் போட்டு ஒரு குறும்படம் எடுத்து யூடியூப்ல விட்டா காசும் வரும், அப்படியே சினிமாவுக்கும் போயிடலாம்னு ஒரு திட்டம். இதுல ரெண்டு கேள்வி கலந்து கிடக்கு. முதல்ல காசைப் பார்ப்போம்.

14% வட்டிக்கு 3 வருஷக் கடன்னா இஎம்ஐ சுமார் 10,250 ரூபாய். மொத்தமா நீங்க கட்டுறது 3.69 லட்சம். இப்ப இதை யூடியூப்ல எடுக்கணும். விளம்பர வருமானம் ஆரம்பிக்கணும்னா 1,000 சப்ஸ்கிரைபர், அதோட கடைசி 12 மாசத்துல 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்கணும். 10 நிமிஷப் படத்தை ஒவ்வொருத்தரும் சராசரியா 5 நிமிஷம் பார்த்தா, அந்த 4,000 மணி நேரத்துக்கு 48,000 பார்வை ஆகுது. அதுவரைக்கும் வந்த பார்வைக்கு ஒரு பைசா கிடையாது. அதுக்கப்புறம் வர்ற விளம்பரக் காசுல 55% உங்களுக்கு.

1,000 பார்வைக்கு 50 ரூபாய் கைக்கு வருதுன்னு வைங்க (இது கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட தொகை, ஏறும் இறங்கும்). 3.69 லட்சம் திரும்பி வர சுமார் 74 லட்சம் பார்வை வேணும். நடுவுல ஒரு ராஜா பாட்டு பின்னணியில ஓடுச்சுன்னா, உரிமை வச்சிருக்கிற கம்பெனி அந்த வீடியோவோட விளம்பர வருமானத்தையே எடுத்துக்கலாம்.

அப்போ குறும்படத்துல இருந்து பெரிய ஆளானவங்க எப்படி ஆனாங்க? கலைஞர் டிவியில 'நாளைய இயக்குநர்' ஞாபகம் இருக்கா? நலன் குமாரசாமி அதுல ஜெயிச்சவர், 2013-ல 'சூது கவ்வும்'. கார்த்திக் சுப்புராஜ் சாஃப்ட்வேர் வேலை பார்த்தவர், 2012-ல 'பீட்சா'. பாலாஜி மோகனோட 'காதலில் சொதப்புவது எப்படி' குறும்படமா வந்து, 2012-ல அதே பேர்ல முழுப் படமாச்சு. அல்போன்ஸ் புத்திரனோட 'நேரம்' கூட அப்படித்தான், 2013-ல. இவங்களை மேல தூக்கினது குறும்படம் சம்பாதிச்ச காசு இல்ல. அதைப் பார்த்துட்டு அடுத்த படத்துக்கு வேற ஒருத்தர் காசு போட்டார். அவ்வளவுதான் விஷயம். அதாவது குறும்படம் உங்க ரெஸ்யூம். ரெஸ்யூம் அடிக்க யாராவது 3 லட்சம் கடன் வாங்குவாங்களா?

சம்பளக்காரங்க கவனிக்க வேண்டிய ஆள் லோகேஷ் கனகராஜ். பேங்க்ல வேலை பார்த்தவர். கார்ப்பரேட் குறும்படப் போட்டிக்கு 'அச்சம் தவிர்' எடுத்தார், அங்க நடுவரா இருந்தவர் கார்த்திக் சுப்புராஜ். அந்தத் தொடர்புல 2016-ல 'அவியல்' தொகுப்புல ஒரு படம், 2017-ல 'மாநகரம்'. நம்ம ராமநாதபுரம் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவுல இருப்பாங்க இல்லையா, அவங்களுக்கு இன்னொரு பேரு: விஜய் சேதுபதி. துபாய்ல அக்கவுண்டன்ட். திரும்பி வந்து குறும்படத்துலயும் நடிச்சுத்தான் மேல வந்தார்.

ஆனா ஒண்ணு. இந்த லிஸ்ட்ல பாதிப் படம் 2012, 2013-ல வந்தது. அப்போ வரிசை சின்னது. இப்போ ஃபோன் இருக்கிற எல்லாருமே அந்த வரிசையில நிக்கிறாங்க. அதே போட்டியில கலந்துக்கிட்டு இன்னைக்கு வேற வேலை பார்க்கிறவங்க பேரை நாம சொல்றதே இல்ல.

சரி, அப்ப எடுக்கவே கூடாதா? எடுங்க, கடன் இல்லாம. மாசம் 3,000 வீதம் ஒரு வருஷம் ஆர்.டி. போட்டா 36,000 ரூபாயும் வட்டியும் கையில இருக்கும். போனாலும் தூக்கம் போகாத காசு. தொண்டிக்காரருக்கு லொக்கேஷன் இலவசம், அது சின்ன விஷயமில்ல. சென்னையில இருந்து கடல் தேடி வர்றவங்களுக்கு தங்குற செலவே அந்தக் காசைத் தின்னுடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில நிக்கும், ஆட்களும் ஊர்ல இருப்பாங்க. படகுக்காரர்கிட்ட முறையா கேட்டு, நடிக்கிறவங்களுக்குக் கூலியும் சாப்பாடும் குடுத்து, நாலே நாள்ல முடிக்கிற மாதிரி எழுதுங்க. கேமரா வாடகைக்குக் காசைக் கொட்டாதீங்க, மைக்குக்குப் போடுங்க. கடல் காத்துல வசனம் கேக்கலைன்னா எல்லாம் வீண்.

அடுத்தது, நிறைய பேர் கோட்டை விடுற இடம். பெரிய சேனல்ல படத்தைக் குடுத்தா ஆள் பார்ப்பாங்க, விளம்பரக் காசு அந்தச் சேனலுக்குப் போகும். அது பரவாயில்ல. ஆனா முழுப் படமா எடுக்குற உரிமை யாருக்குன்னு ஒப்பந்தத்துல பாருங்க. 'நேரம்' மாதிரி ஒருநாள் உங்க கதை பெரிய படமாகணும்னா, நீங்க சம்பாதிச்ச ஒரே சொத்து அதுதான். அந்த வரி புரியலைன்னா கையெழுத்துப் போடாதீங்க.

நிஜமா மாசாமாசம் காசு வர்றது வேற இடத்துல. எடிட்டிங் கத்துக்கிட்டீங்கன்னா கல்யாண வீடியோ, கடை விளம்பரம்னு வேலை கிடைக்கும். ஆனா கம்பெனி ஆஃபர் லெட்டர்ல வெளி வேலைக்குத் தடை இருக்கான்னு முதல்ல பாருங்க. அரசு வேலைன்னா அனுமதி வாங்கணும். அப்படி வர்ற காசு தொழில் வருமானம். சம்பளத்தோட சேர்ந்து உங்க ஸ்லாப்படி வரி. ஐடிஆர்-1 செல்லாது, 3 இல்லன்னா 4 போடணும். மைக், ஹார்ட் டிஸ்க் வாங்கின பில்லை எல்லாம் இன்னைக்கே ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. ஐடிஆர்-3, 4 எப்படி ஃபைல் பண்றதுன்னு கேள்வி இருந்தா கமென்ட்ல கேளுங்க, அடுத்த வீடியோவுல பார்ப்போம்.