வெட்ட வெட்டப் பெருகும் கடல் சாமந்தி

தோட்டத்தில் கோரைப் புல்லைப் பிடுங்கியிருக்கிறீர்களா? மேலே இருக்கும் புல் கையோடு வந்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கோ சில நாளில் மீண்டும் தலைநீட்டும். இதே குணமுள்ள களை ஒன்று கடலிலும் உண்டு. ஆனால் அது செடியன்று, ஒரு விலங்கு. அதை ஒழிக்க நான் சொன்ன யோசனை எப்படிப் பாழாயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் என் தங்கை வசிக்கிறாள். அவள் மகன் உங்களைப் போல் உயர்நிலைப் பள்ளி மாணவன். 200 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, பவள உயிரிகளும் மீன்களும் வளர்க்கிறான். ஒருநாள் தொலைபேசியில், “மாமா, பாறையில் பழுப்பு நிறத்தில் நாலு பூ முளைத்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பவளம் சுருங்கிக்கொண்டே போகிறது. என்ன செய்யலாம்?” என்று கேட்டான். நான் இயற்பியல் ஆசிரியன். சற்றும் யோசிக்காமல், “பிளேடால் சுரண்டி எறி” என்றேன். ஒரு மாதம் கழித்து மறுபடி அழைத்தான். “மாமா, இப்போது இருபதுக்கு மேல் இருக்கிறது!”

என் யோசனை எங்கே தவறியது?

பூவன்று, விலங்கு

அவன் கண்ட ‘பூ’வின் பெயர் ஐப்டேசியா. கடல் சாமந்தி இனங்களுள் ஒன்று. சில செ.மீ. உயரமே இருக்கும். நீங்கள் பாடத்தில் படிக்கும் ஹைட்ராவைப் போல இதுவும் குழியுடலி வகையைச் சேர்ந்தது. கடலிலிருந்து எடுத்த பாறையைத் தொட்டியில் வைக்கும்போது அதன் துளைகளில் ஒளிந்துகொண்டு வந்து சேர்கிறது.

இதழ்கள்போல் தோன்றுபவை அதன் உணர்நீட்சிகள். அவற்றில் கொட்டும் செல்கள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு நுண்ணிய குமிழ். அதனுள் சுருட்டி வைத்த நூல். ஹைட்ராவின் குமிழுக்குள் அழுத்தம் ஏறத்தாழ 150 வளிமண்டலங்கள் எனக் கணக்கிட்டுள்ளார்கள். கார் டயரில் இருப்பது இரண்டு மூன்று வளிமண்டலம்தான்! குமிழைத் தொட்டவுடன் உள்ளிருக்கும் முள் ஒரு மைக்ரோவினாடிக்கும் குறைந்த நேரத்தில் பாய்ந்து இரையைத் துளைக்கிறது. அப்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 50 லட்சம் மடங்குக்கும் மேல் என்பதை 2006இல் அதிவேக ஒளிப்படங்களால் அளந்தார்கள். ஐப்டேசியாவிடம் இருப்பதும் இதே வகை ஆயுதந்தான். அருகிலிருந்த பவளம் சுருங்கியதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

துண்டு ஒவ்வொன்றும் ஒரு குஞ்சு

ஆப்ரகாம் திரெம்ப்ளே என்பவர் ஹைட்ராவைத் துண்டுகளாக வெட்டினார். ஒவ்வொரு துண்டும் முழு ஹைட்ராவாக வளர்வதைக் கண்டு, 1744இல் அதை நூலாக வெளியிட்டார். ஐப்டேசியாவும் இந்த வித்தையில் தேர்ந்தது. பாறைமேல் நகரும்போது தன் பாதத்தின் சிறு துணுக்குகளைப் பின்னே விட்டுச் செல்கிறது. அத்துணுக்குகள் தனித்தனி விலங்குகளாகின்றன. பிளேடு செய்தது என்ன? அது தானாகச் செய்யும் வேலையை விரைவாகச் செய்து கொடுத்தது!

பட்டினி போட்டு ஒழிக்கலாமா? அதுவும் எளிதன்று. அதன் உடலுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் உணவு தயாரித்து அதற்கும் பங்கு தருகின்றன. மீன்களுக்கு அளவோடு தீனி போட்டால் அது பெருகும் வேகம் குறையும், அவ்வளவே.

“பாறையை எடுத்துக் கொதிக்க வைத்துவிடட்டுமா?” என்று கேட்டான் பையன். கூடவே கூடாது! அப்பாறையில் ஸோவாந்திட் என்னும் உயிரிகள் ஒட்டியிருந்தால், ஆவியோடு பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு கிளம்பும். இப்படிச் செய்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

சுண்ணாம்பு வைத்தியம்

பிறகு எதுதான் வழி? நாலைந்து மட்டும் இருந்தால், வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்பு போதும். நீற்றிய சுண்ணாம்பைக் குழம்பாகக் கரைத்து, ஊசிக்குழலால் ஐப்டேசியாவின் வாயருகே மெல்லப் பீய்ச்ச வேண்டும். அவசரப்பட்டால் அது துளைக்குள் சுருங்கிக்கொள்ளும். கடல்நீரின் பி.எச். ஏறத்தாழ 8.2. தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12.4. வேறுபாடு நாலுதானே என்று எண்ண வேண்டாம். ஒவ்வோர் எண்ணுக்கும் காரத்தன்மை பத்து மடங்கு உயர்கிறது. ஆகவே இது 10,000 மடங்குக்கும் மேல்! அந்தக் காரத்தில் அதன் திசுக்கள் வெந்துவிடுகின்றன. ஒரே நாளில் பலவற்றுக்கு வைத்தால் தொட்டி நீரின் காரமே ஏறி மீன்கள் மடியும். கண்ணாடியும் கையுறையும் அணியாமல் இதில் இறங்கக்கூடாது.

மின்பகுப்பாலும் சிலர் கொல்கிறார்கள். உப்புநீரில் மின்னோட்டம் பாய்ந்தால் நேர்மின்வாயில் குளோரினும் எதிர்மின்வாயில் காரமும் உண்டாகும் என்பது நீங்கள் அறிந்ததே. லேசர் ஒளியால் சுடுவோரும் உண்டு. ஆனால் தண்ணீரும் கண்ணாடியும் அவ்வொளியைத் திருப்பிவிட்டால் கண்ணே போய்விடலாம். இயற்பியல் ஆசிரியனான நானே சொல்கிறேன்: இது வேண்டாம்.

பகைவனை அழைப்போம்

இருபதைத் தாண்டிவிட்டால் கருவிகள் பயன்படா. அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கடலில் இது ஏன் இப்படிப் பெருகவில்லை? அங்கே அதைத் தின்பவை இருக்கின்றன. தொட்டியில் இல்லை.

ஃபுளோரிடாக் கடலிலேயே பெர்கியா என்ற ஓடில்லாக் கடல்நத்தை வாழ்கிறது. இரண்டு மூன்று செ.மீ. நீளமே உள்ள இதற்கு ஐப்டேசியாதான் உணவு. தின்ற இரையின் கொட்டும் குமிழ்களைச் செரிக்காமல் தன் முதுகு நீட்சிகளில் சேர்த்து வைத்து, தனக்கே ஆயுதமாக்கிக் கொள்கிறது! பெப்பர்மின்ட் இறாலும் ஐப்டேசியாவைத் தின்னும். ஆனால் அதைப்போல் தோன்றும் ஒட்டக இறாலை ஏமாந்து வாங்கினால், அது பவளத்தையே கடிக்கும். இறாலையும் நத்தையையும் சேர்த்து விடுவதும் தவறு. இறால் நத்தையைத் தின்றுவிடலாம்.

பையன் ஆறு நத்தைகளை விட்டான். இரவில் இரை தேடும் அவை முதல் மாதத்தில் கண்ணிலேயே படவில்லை. பிறகு பாறையில் வெள்ளைச் சுருளாக முட்டைகள் தெரிந்தன. ஐந்தாம் மாதம் ஒரு ஐப்டேசியாவும் இல்லை. சுருங்கியிருந்த பவளம் மீண்டும் விரிந்தது. இரை தீர்ந்து நத்தைகள் பட்டினியாகுமுன் அவற்றை இன்னொரு வளர்ப்பாளரிடம் கொடுத்துவிட்டான்.

களையும் கைகொடுக்கும்

தொட்டியில் தொல்லையான இவ்விலங்கு ஆய்வுக்கூடத்தில் ஓர் அரிய துணை. கடல் சூடேறினால் பவளங்கள் தம் பாசிகளை இழந்து வெளுத்துப்போகின்றன. அதன் காரணங்களை ஆராய, எளிதில் வளரும் ஐப்டேசியாவையே அறிவியலார் வளர்க்கிறார்கள். 2015இல் அதன் மரபுத்தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். வெட்ட வெட்டப் பெருகும் அதே குணம் அங்கே வரமாகிவிட்டது.

நண்பர்களே, நம் ஊர் ஏரிகளை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே அதைத் தின்னும் பூச்சிகள் உண்டு. அரிவாளை எடுக்குமுன் என் பிளேடு யோசனையை நினைத்துக்கொண்டு, அது எப்படிப் பெருகுகிறது என்று சற்றே உற்றுப் பாருங்கள்.