வால் ஊமை, தலை பேசும்

பிளஸ் டூவில் பிரெஞ்சில் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்கிய வாசகி ஒருவர் பிரான்சின் லியோனுக்குப் படிக்கப் போயிருக்கிறார். கடைக்காரர் பேசுவதுகூடக் காதில் ஏறவில்லையாம். வினைத்திரிபு அட்டவணை அத்தனையும் மனப்பாடம் என்கிறார். சிக்கலே அங்கேதான்.

‘பேசு’ என்ற வினையைப் பாருங்கள். நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நால்வருக்கும் சேர்த்து எழுத்தில் மூன்று வடிவம். காதுக்கு எல்லாம் ஒரே ‘பார்ல்’. நாம் ‘பேசுகிறேன்’ என்றால் போதும், ஆள் யாரென்று விகுதி சொல்லிவிடும். லத்தீனும் அப்படித்தான் இருந்தது. அதன் பிள்ளைகளில் இத்தாலியமும் ஸ்பானியமும் இன்றும் அப்படியே. பிரெஞ்சில் விகுதியின் ஒலி தேய்ந்துவிட்டது. அதனால் ‘நான்’, ‘நீ’ என்று முன்னால் சொல்லியே ஆகவேண்டும்.

அதுவும் முழுதாகக் கைகொடுக்காது. ‘அவன் பேசுகிறான்’, ‘அவர்கள் பேசுகிறார்கள்’ இரண்டும் ‘இல் பார்ல்’தான். பன்மையில் ‘இல்’லின் கடைசியில் ஓர் ‘எஸ்’ உண்டு, ஆனால் அது ஒலிக்காது. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் மட்டும் விழித்துக்கொள்ளும்: ‘அவன் நேசிக்கிறான்’ என்பது ‘இலெம்’, ‘அவர்கள் நேசிக்கிறார்கள்’ என்பது ‘இல்ஸெம்’. எங்கள் பெரியப்பா திண்ணையில் கண்ணை மூடிக் கிடப்பார், இலை போடும் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவார். இந்த ‘எஸ்’ அந்த ரகம்.

பெயர்ச்சொல்லிலும் இதே கதை. புத்தகம் ஒன்றானாலும் பலவானாலும் ‘லீவ்ர்’. முன்னால் ‘லெ’ வந்தால் ஒன்று, ‘லே’ வந்தால் பல. லத்தீனில் இத்தகைய முன்சொல்லே கிடையாது. ‘அந்த’ என்று பொருள்படும் லத்தீன் சொல் தேய்ந்து பிறந்தவை இவை. பால் காட்டுவதும் இவற்றின் வேலைதான். ஆண்பாலுக்கு ‘லெ’, பெண்பாலுக்கு ‘லா’. மேசை பெண்பால். காரணம் தேட வேண்டாம், தாடியும் பெண்பால்தான்.

ஆக, காதால் கற்க வேண்டிய மொழி இது. நம் பள்ளிகள் பலவற்றில் அதைக் கண்ணுக்கு மட்டும் காட்டுகிறோம். மதிப்பெண்ணுக்காகத் தமிழைக் கைவிடச் சொல்லி, பதிலுக்குக் கொடுக்கும் மொழியையும் ஊமையாகக் கொடுக்கிறோம்.

வாசகிக்கு ஒன்று சொல்வேன். புதுச் சொல்லை ‘லெ’, ‘லா’வோடு படிக்காதீர்கள். உயிரொலிக்கு முன் இரண்டும் வெறும் ‘ல்’ ஆகிவிடும்: பள்ளி ‘லெகோல்’, மரம் ‘லார்ப்ர்’. பால் தெரியாது. ‘ஒரு’வைச் சேர்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘யூனெகோல்’ பெண்பால், ‘அன்னார்ப்ர்’ ஆண்பால்.