ஐம்பத்தைந்தாவது மணி

திருப்பூரில் வேலையை யாரும் மணிக்கணக்கில் சொல்வதில்லை. ஷிப்ட் கணக்குதான். "இன்னைக்கு ஒன்றரை ஷிப்ட்" என்றால், காலை எட்டரைக்கு உள்ளே போனவர் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறார் என்று பொருள். வாரத்தில் ஆறு நாள் இப்படி. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. சாப்பாட்டு நேரம், டீ நேரம் எல்லாவற்றையும் தாராளமாகக் கழித்துப் பார்த்தாலும் வாரத்துக்கு 60 மணி நேரத்தைத் தாண்டுகிறது.

இந்த 'ஒன்றரை' என்ற சொல்லை நான் வெகுநாள் கவனிக்காமல்தான் இருந்தேன். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கினால் அந்த மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி தரச் சொன்னது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 'ஒன்றரை' என்று பெயர் வைத்த உடனே மிகை நேரம் ஒற்றைக் கூலிக்கு இறங்கிவிடுகிறது. சட்டத்தை மீறிவிட்டோம் என்ற உறுத்தல்கூட யாருக்கும் வருவதில்லை. பேச்சு வழக்கே அதை விழுங்கிவிட்டது.

சென்னையின் ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் இந்த ஷிப்ட் கணக்கும் இல்லை. அங்கே எண்ணுவதே கிடையாது. காலையில் லாகின், மாலையில் அமெரிக்கா விழித்ததும் கால், இரவு சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப். ஞாயிற்றுக்கிழமை 'ஒரு பத்து நிமிஷம்' என்று ஆரம்பிப்பது மதியம் வரை போகும். எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்று கேட்டால் சிரிப்புதான் பதில்.

எண்ணாமல் விடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. ஏனென்றால், இந்த விஷயத்தில் தெளிவாக ஓர் எண் இருக்கிறது: 55.

2021 மே மாதம் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் கூடுதல். இதய ரத்தக்குழாய் அடைப்பால் சாகும் அபாயம் 17 சதவீதம் கூடுதல். 2016ஆம் ஆண்டில் மட்டும் இந்த நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய சாவுகள் 7,45,000. அதில் பக்கவாதம் 3,98,000, இதய நோய் 3,47,000. 2000ஆம் ஆண்டோடு பார்த்தால் இது 29 சதவீத உயர்வு. அதிகம் அடிபட்ட பகுதிகளில் ஒன்று, நாம் இருக்கும் தென்கிழக்கு ஆசிய வட்டாரம்.

ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 35 சதவீதம் கூடுதல் என்றால், நூறு பேரில் 35 பேருக்குப் பக்கவாதம் என்று அர்த்தமில்லை. உங்கள் வயதுக்கும் உடலுக்கும் ஏற்கெனவே எவ்வளவு அபாயம் இருக்கிறதோ, அதன்மேல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமாக ஏறுகிறது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிற ஊரில், அந்த 'ஏற்கெனவே' என்பது சின்னத் தொகை இல்லை.

இன்னொரு விவரம் இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். அந்தச் சாவுகளில் பெரும்பகுதி 60 முதல் 79 வயதுக்குள் நடந்தவை. அவர்கள் 45 வயதுக்கு மேல், ஏதோ ஒரு காலத்தில் வாரத்துக்கு 55 மணி நேரத்துக்கு மேல் உழைத்தவர்கள். அதாவது, உழைக்கிறபோது ஒன்றும் தெரிவதில்லை. பில் பல வருடம் கழித்து வருகிறது. வரும்போது அதன்மேல் கம்பெனியின் பெயர் இருப்பதில்லை. 'அவருக்கு பி.பி. இருந்தது' என்று துக்கம் கேட்க வந்தவர்கள் பேசிக்கொள்வார்கள்.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நம் நாட்டு விவாதத்துக்கு வருவோம். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரத்தைப் பற்றிப் பேசிய வீடியோ வெளியானது. வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது என்கிற பொருளில் அவர் கேட்டதுதான் ஊரெல்லாம் பேச்சானது. மீம்ஸ்கள் வந்தன, நடிகைகள் கண்டித்தார்கள், எல்லாம் ஆயிற்று. எண்ணை மட்டும் யாரும் பெரிதாகக் கணக்குப் பார்க்கவில்லை. அடுத்த சில வாரங்களில், ஜனவரி 31 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கை, 55-60 மணி நேரத்துக்கு மேல் உழைப்பது உடலுக்குக் கேடு என்று ஆய்வுகளை எடுத்துக்காட்டியது. நாளுக்கு 12 மணி நேரமும் அதற்கு மேலும் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களின் மனநலம் குலைவதையும் அதே அறிக்கை குறிப்பிட்டது. அரசின் சொந்த ஆவணம். அதற்கு மீம்ஸ் வரவில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஜப்பானை உழைப்புக்கு உதாரணமாகக் காட்டுவது நம் மேடைகளில் வழக்கம். அதே ஜப்பானில் 'கரோஷி' என்று ஒரு சொல் இருக்கிறது. மிகை உழைப்பால் வரும் சாவு என்று பொருள். அங்கே சட்டப்படியான வார வேலை நேரம் 40. ஒரு தொழிலாளி மூளை அல்லது இதய ரத்தக்குழாய் நோயால் செத்துப்போனால், வேலைதான் காரணமா என்று அரசு அலுவலகம் பார்க்கும். சாவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் 100 மணி நேரம் ஓ.டி., அல்லது முந்தைய இரண்டு முதல் ஆறு மாதங்களில் மாதத்துக்குச் சராசரி 80 மணி நேரம் ஓ.டி. பார்த்திருந்தால், வேலைக்கும் சாவுக்கும் வலுவான தொடர்பு உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்க அது வழி.

மாதத்துக்கு 80 என்றால் வாரத்துக்கு 20. நாற்பதோடு கூட்டினால் 60. ஜப்பான் அரசு 'செத்தால் வேலைதான் காரணம்' என்று சந்தேகப்படத் தொடங்கும் எல்லை அது. நாராயண மூர்த்தி சொன்ன 70 மணி நேரத்தை அந்தத் தராசில் வைத்தால் மாதத்துக்கு 120 மணி நேர ஓ.டி. வருகிறது. சுப்ரமணியனின் 90 மணி நேரத்துக்கு 200. ஜப்பானே பல உயிர்களைப் பறிகொடுத்த பிறகு 2018இல் சட்டம் போட்டு, சாதாரணமாக மாதத்துக்கு 45 மணி நேரம், எவ்வளவு அவசரமானாலும் 100 மணி நேரத்துக்குக் கீழே என்று ஓ.டி.க்குக் கடிவாளம் கட்டியது. நாம் அவர்கள் விட்டுவிட்டு வந்த இடத்துக்குப் போக ஆசைப்படுகிறோம்.

நம்முடைய பழைய இடத்துக்கும்தான். 1911ஆம் ஆண்டின் சட்டம் நெசவாலை ஆண்களுக்கு நாளுக்கு 12 மணி நேரம் என்றது. ஆறு நாளுக்கு 72. 1922இல் வாரத்துக்கு 60 ஆனது. 1934இல் 54. அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில் கொண்டுவந்த திருத்தம் 1946இல் அதை 48 ஆக்கியது. இடையில் சென்னையில் நடந்ததைத் தனியாகவே எழுதலாம்: பின்னி ஆலைத் தொழிலாளர்கள் பெரம்பூரில் கூடி 1918 ஏப்ரல் 27 அன்று மெட்ராஸ் லேபர் யூனியனைத் தொடங்கியபோது, அவர்கள் முன்வைத்த குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு நேரம் போதவில்லை என்பது. ஆக, 70 மணி நேரம் என்பது எதிர்கால இந்தியாவின் கணக்கு இல்லை. 1911ஆம் ஆண்டு ஆலைச் சங்கின் கணக்கு. 90 மணி நேரம் அந்தச் சங்குக்கும் தெரியாதது.

சரி, உடம்பு போனாலும் வேலையாவது அதிகமாக நடக்கிறதா? முதலாம் உலகப் போரின்போது பிரிட்டனில் இதற்கு அளவெடுத்தார்கள். குண்டுகள் அவசரமாகத் தேவைப்பட்டன. ஆலைகளில் பெண்கள் ஞாயிறும் இல்லாமல் உழைத்தார்கள். 1915இல் அமைக்கப்பட்ட ஒரு குழு, யார் எத்தனை மணி நேரம் உழைத்து எத்தனை உருப்படி செய்தார்கள் என்று எழுதி வைத்தது. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜான் பென்கவெல் அந்த ஏடுகளை எடுத்துக் கணக்குப் போட்டார். வாரத்துக்கு 49 மணி நேரம் வரை, நேரம் கூடக்கூட உற்பத்தியும் அதே விகிதத்தில் கூடியது. அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் கிடைத்தது குறைந்துகொண்டே வந்தது. 70 மணி நேரத்தில் கிடைத்ததற்கும் 56 மணி நேரத்தில் கிடைத்ததற்கும் ஏறத்தாழ வித்தியாசமே இல்லை. பதினான்கு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்றது நின்றதுதான். வார ஓய்வு நாளைப் பிடுங்கியபோதும் உற்பத்தி அடிவாங்கியது.

அது உடலுழைப்பு, எங்களுடையது மூளை வேலை என்று ஐ.டி. நண்பர்கள் சொல்வார்கள். இரவு பதினொரு மணிக்கு எழுதிய புரோகிராமை மறுநாள் காலையில் திருத்தியவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியிலும் ஆபத்து இருக்கிறது. 1997இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைத்திறனும், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதாகக் காட்டியது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொன்றுக்கு பைக்கை எடுத்தால், சட்டப்படி குடித்தவர் ஓட்டக்கூடாத நிலையைவிட மோசமான நிலையில் ஓட்டுகிறார். மத்திய கைலாஷ் சிக்னலில் போலீஸ்காரர் ஊதச் சொன்னால் மெஷின் பூஜ்யம்தான் காட்டும். பத்திரிகையில் இரவுப் பதிப்பு முடித்து ஒரு மணிக்கு வண்டி எடுத்த காலங்களில், வீட்டு வாசலில் நின்ற பிறகு வந்த வழி நினைவில் இல்லாத நாட்கள் எனக்கும் உண்டு. அப்போது அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

இதுவரை சொன்னதெல்லாம் சம்பள வேலை. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 88 நிமிடம். அதுவும் அந்த வேலையைச் செய்கிறவர்களின் சராசரிதான். செய்யாத ஆண்கள் கணக்கிலேயே வரவில்லை. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 289 கொஞ்சம் குறையலாம். 88 ஆகிவிடாது. 48 மணி நேர வேலையோடு வீட்டில் நாளுக்கு மூன்று மணி நேரம் என்று குறைத்துப் போட்டாலும் வாரத்துக்கு 69 வருகிறது. வேலை நேரம் பற்றிய மேடைப் பேச்சுகளில் இந்த 21 மணி நேரத்தை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. 70 மணி நேரம் உழைக்கச் சொல்கிறவரின் வீட்டுச் சாப்பாட்டையும் யாரோ அந்த நேரத்தில்தான் சமைக்கிறார்கள்.

சட்டம் காப்பாற்றும் என்று இருப்பவர்களுக்கு இரண்டு தகவல். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழக சட்டப்பேரவையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெற்றார். 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இதே சென்னையில்தான், அதற்குச் சரியாக நூறாண்டு முன். வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, நான்கு நாளில் முடித்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என்பது அரசு சொன்ன வாதம். வந்தவாசிப் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒரகடத்துக்கு வந்து போகிறவருக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்றால் வீட்டில் மிஞ்சுவது என்ன என்று அந்த வாதம் பார்க்கவில்லை.

இரண்டாவது, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். நாளுக்கு 8 மணி நேரம், ஓ.டி.க்குத் தொழிலாளியின் சம்மதம், இரட்டைக் கூலி என்று எழுத்தில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் 'தொழிலாளி' என்பதன் விளக்கத்தில், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும் வரமாட்டார்கள். கார்டில் 'மேனேஜர்' என்று அச்சடித்துத் தந்தபோது இனிப்பு வாங்கிக் கொடுத்தவர்கள் கவனிக்க. பிரான்ஸ் 2017இலேயே வேலை நேரத்துக்குப் பின் போனை எடுக்காமலிருக்கும் உரிமையைச் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கே அது தனிநபர் மசோதா என்ற நிலையைத் தாண்டவில்லை.

சட்ட வரம்பு 48. அபாய எல்லை 55. நடுவில் இருப்பது ஏழு மணி நேரம், நாளுக்கு ஒரு மணி நேரம். அது எப்படிக் கரைகிறது என்று தெரிய ஆராய்ச்சி வேண்டாம். வரும் திங்கள்கிழமை தொடங்கி ஏழு நாள், ஒரு பழைய டைரியில் எழுதிவாருங்கள்: வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இரவு கால், ஞாயிற்றுக்கிழமைப் 'பத்து நிமிஷம்'. பயண நேரத்தைத் தனியாக எழுதுங்கள், 55இல் அது சேராது. வீட்டு வேலையையும் தனியாக, யார் செய்தார்கள் என்ற பெயரோடு. அடுத்த ஞாயிறு இரவு கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 55ஐத் தாண்டியிருந்தால், முதலில் பக்கத்து கிளினிக்கில் ஒரு பி.பி. பார்த்துவிடுங்கள். மேனேஜரிடம் பேசுவதை அதற்கு அடுத்து வைத்துக்கொள்ளலாம்.