‘நெனைக்காதீங்க’ என்றொரு கட்டளை

சில வருஷம் முன்னால் நானும் ஒரு தோழரும் ஒரே விபத்தைப் பார்த்தோம். ரோட்டில் கிடந்தவரை ரெண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கினோம். மறுவாரமே அவர் கூட்டத்துக்கும் தூக்கத்துக்கும் திரும்பிவிட்டார். எனக்கோ பிரேக் சத்தம் கேட்டாலே அந்த முகம். ‘விடுங்க தோழர், நெனைக்காதீங்க’ என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அதற்குள் ஒரு தீர்ப்பு இருந்தது: முடியாதவன் பலவீனன். இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1987இல் டேனியல் வெக்னரும் சகாக்களும் மாணவர்களிடம், ஐந்து நிமிஷம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியடியுங்கள் என்றார்கள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. பிறகு நினைக்கலாம் என்றபோது, முதலிலேயே அனுமதி பெற்றிருந்தவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. அடக்கினால் திரும்பும், அவ்வளவுதான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

விஷயம் அதோடு முடியவில்லை. 2001இல் மைக்கேல் ஆண்டர்சனும் காலின் கிரீனும் ஜோடிச் சொற்களை மனப்பாடம் செய்யவைத்து, ஒன்றைக் காட்டி மற்றதை மனசுக்குள் வரவிடாமல் தடுக்கச் சொன்னார்கள். திரும்பத் திரும்பத் தடுக்கப்பட்ட சொற்கள் பின்னால் குறைவாகவே நினைவுக்கு வந்தன. அப்படீன்னா தடுக்க முடியும். ஆனால் எல்லோராலும் ஒரேமாதிரி முடியாது. 2017இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒரு காரணத்தைக் காட்டியது. ‘நிறுத்து’ என்பது முன்மூளை. நிறுத்த வேண்டியது நினைவை மீட்டுத்தரும் ஹிப்போகாம்பஸ். அங்கே காபா என்கிற, நரம்புச் செல்களின் வேகத்தைத் தணிக்கும் வேதிப்பொருள் அதிகமிருந்தவர்கள் நன்றாகத் தடுத்தார்கள். குறைவாக இருந்தவர்களுக்குப் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை.

அதற்காக இதைப் பிறவி விதி என்று எழுதிவைத்துவிடவும் முடியாது. 2023இல் வெளியான ஆய்வில் 16 நாடுகளைச் சேர்ந்த 120 பேருக்கு மூன்று நாள் பயிற்சி தரப்பட்டது. பயந்த நினைப்புகளைத் தடுக்கப் பழகியவர்களின் பதற்றம் குறைந்தது. 2021இல் வந்த இன்னொரு ஆய்வில், ஒரு ராத்திரி தூங்காதவர்களிடம் வேண்டாத நினைவுகள் அதிகமாகப் புகுந்தன.

ஆக, மறக்கும் திறன் வெறும் மன உறுதி இல்லை. உடம்பு, பழக்கம், தூக்கம் எல்லாம் அதில் உண்டு. நைட் ஷிப்ட் பார்ப்பவருக்கும், பயத்தில் விழித்துக் கிடப்பவருக்கும் தூக்கம் மற்றவர்களுக்குக் கிடைப்பதுபோல் கிடைப்பதில்லை. பயிற்சி பலன் தரும் என்பதும் உண்மைதான். ஆனால் அதையே ‘பயிற்சி எடுக்காதது உன் தப்பு’ என்று திருப்பிவிடுவது அதிகாரத்துக்கு ரொம்பச் சுலபம்.

அடுத்த முறை லாக்கப்பிலிருந்து வரும் ஒருவரிடம் ‘நெனைக்காதீங்க’ என்பதற்கு முன்னால், ‘ராத்திரி தூங்குனீங்களா?’ என்று கேட்போமா, தோழர்?