காய்ச்சல் தணிந்தால் ஆபத்தும் தணிந்துவிடுமா?

வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையோடு, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள வளவுகளில் சிரட்டைகளும் பழைய டயர்களும் நீர் நிரம்பி, டெங்கு நுளம்பின் பிறப்பிடங்களாகிவிடுகின்றன. 2017ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாகியது. டெங்குவில் பெரும்பாலும் உயிராபத்தை விளைவிப்பது காய்ச்சலின் உச்சம் அன்று. மூன்றாம் நாளுக்குப் பின்னர் உடல் சூடு இறங்கும் வேளையிலேயே சிலருக்குக் குருதியின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து கசியத் தொடங்குகிறது. வீட்டாரோ வெப்பமானியைப் பார்த்து நிம்மதியடைகின்றனர்.

எனவேதான் வெப்பநிலையுடன் நாடித்துடிப்பு, சுவாசம், குருதி அமுக்கம் ஆகியவற்றையும் சேர்த்தே மருத்துவர்கள் நோக்குகின்றனர். நாடியைப் பெருவிரலால் பார்த்தல் தவறு. அவ்விரலின் துடிப்பே நம்மை ஏமாற்றக்கூடும். சுட்டுவிரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவருக்கு 60 முதல் 100 வரை இயல்பு. மூச்சை எண்ணும்போது நோயாளிக்கு அது தெரியாதிருப்பது நலம். தெரிந்தால் மூச்சின் வேகமே மாறிவிடும். சூடான தேநீர் அருந்திய உடனே வாயில் வெப்பமானியை வைப்பதும் பொய்க்கணக்கே.

மிகுந்த கவனத்துக்குரியது குருதி அமுக்கம். மேல் எண்ணை மட்டும் கேட்டறிந்து திருப்தியடைவது நம்மவர் வழக்கம். ஆனால் டெங்குவில் மேல் எண் இயல்பாகவே இருக்க, கீழ் எண் உயர்ந்து இரண்டும் நெருங்கி வரலாம். 110க்கு 70 என்றால் இடைவெளி 40. 100க்கு 80 என்றால் 20. இடைவெளி 20 அல்லது அதற்கும் குறைவாயின் அது அதிர்ச்சி நிலையின் அறிகுறி. நோயாளி அப்போதும் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கக்கூடும் என்பதே இதிலுள்ள கொடுமை.

இந்த அளவை ஐந்து நிமிட ஓய்வின் பின், கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க, பேசாதிருக்கும்போது எடுக்க வேண்டும். பட்டி கையின் பருமனுக்கு ஏற்றதாக இருத்தல் அவசியம். சிறுவருக்குச் சிறுவர் பட்டி. அதனை வெறுங்கையிலேயே சுற்ற வேண்டும். அபாயாவின் கைக்கு மேலாகவோ சட்டைக்கு மேலாகவோ சுற்றினால் எண் பிழைக்கும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் மட்டுமன்றித் தமிழ்க் கிராமங்களிலும் பெண்கள் கூச்சப்படுவதுண்டு. இதற்கு ஒரு திரையும் ஒரு பெண் தாதியும் போதும். இதனைச் சலுகையாகக் கருதாமல் அளவீட்டின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும் என்பது எமது கருத்து.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர் படுவான்கரையிலிருந்து நகருக்கு வருவது எளிதாகியுள்ளது. ஆயினும் காய்ச்சல் விட்டதும் பயணத்தை ஒத்திவைக்கும் பழக்கம் மாறவில்லை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கை கால் குளிர்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அஸ்பிரின், இபுபுரொஃபன் மாத்திரைகளைக் கொடுக்கலாகாது. காய்ச்சல் தொடங்கிய நாள், பார்த்த வெப்பநிலை, குடித்த நீர், கழித்த சிறுநீர் ஆகியவற்றை நேரத்துடன் ஒரு தாளில் குறித்து உடன் கொண்டு செல்வது, விடுதியில் நோயாளியைப் பொறுப்பேற்கும் மருத்துவருக்குப் பேருதவியாகும்.