தறி ஓய்ந்தது! தரை விலை பாய்ந்தது!

எழுபது அடுக்குக்கு மேல் ஒரு மாளிகை! ஏறிச் செல்ல மின்தூக்கி, நீந்தி மகிழக் குளம், வாசலிலே வணக்கம் சொல்லச் சீருடை அணிந்த காவலாள்! மும்பை நகரின் நடுவே, லோயர் பரேலில், இத்தகைய கோபுரங்கள் வரிசையாக எழுந்துவிட்டன. ஒன்றின் உயரம் 280 மீட்டர்! 'நகரம் வளர்கிறது பாரீர்!' என்று நாவினிக்கப் பேசுகிறார்கள் சிலர்.

வளரட்டும், நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் தோழர்களே, அந்தக் கோபுரம் நிற்கும் மண், யாருடைய வியர்வையில் நனைந்த மண்? இதை நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

கிரண்காவ் - ஆலைகளின் ஊர் - என்பது அந்த வட்டாரத்தின் பெயர். 1850-களில் பம்பாயில் முதல் பஞ்சாலை எழுந்தது. பிறகு எங்கு நோக்கினும் புகைபோக்கிகள்! சங்கு ஊதும், ஊர் விழிக்கும். 'சால்' எனப்பட்ட வரிசைக் கட்டடங்களில், ஒரே அறையில் ஒரு குடும்பம். சில அறைகளில் பத்துப் பதினைந்து ஆண்கள். பகல் முறைக்காரன் எழுந்த இடத்தில் இரவு முறைக்காரன் படுப்பான். அப்படி வாழ்ந்தவர்கள்தாம் அந்த நகரத்துக்கு வாழ்வு தந்தார்கள்.

1982 சனவரி 18. டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில், ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கேட்டது என்ன? கூலி உயர்வு! கிடைத்தது என்ன? பட்டினி! ஓராண்டு கடந்தும் போராட்டம் வெல்லவில்லை. ஆலைகள் பல மூடப்பட்டன. பல்லாயிரவர் வேலை இழந்தனர். தறி தரும் இலாபத்தைவிட, தறி நின்ற தரை தரும் இலாபம் பெரிது என்பதை முதலாளிகள் கண்டுகொண்டனர்!

சட்டம் இல்லையா? இருந்தது! 1991 விதிப்படி, ஆலை நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு - பூங்காவும் திடலும் அமைக்க. இன்னொரு பங்கு வீட்டுவசதி வாரியத்துக்கு - எளியோர்க்கு வீடு கட்ட. எஞ்சியதே உடையவருக்கு. நல்ல விதி! ஆனால் 2001-இல் ஒரு திருத்தம் நுழைந்தது. கட்டடமில்லாத வெற்றிடத்தை மட்டும் பங்கிட்டால் போதுமாம்! ஆலை நிலத்தில் ஆலை இருக்கும்; வெற்றிடம் எவ்வளவு இருக்கும்? சுளை அவர்களுக்கு, சக்கை ஊராருக்கு! 2005-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2006-இல் உச்சநீதிமன்றமோ, திருத்தம் செல்லும் என்றது.

உழைத்தவனுக்கு என்ன கிடைத்தது? குலுக்கல் சீட்டு! வீடு கேட்டு விண்ணப்பித்த ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் ஒன்றேகால் இலட்சத்துக்கும் மேல். 2012 குலுக்கலில் வந்த வீடுகள் 6,925. ஆயுள் முழுதும் நூல் நூற்றவனுக்கு, அதிர்ஷ்டம் இருந்தால் கூரை!

உயர்ந்த மாடி என்றாலே செல்வர்க்குத்தான் என்பாரும் உண்டு. அவர்களுக்குச் சிங்கப்பூர் விடை சொல்லும். அங்கே நகரின் நடுவில், துறைமுகத்துக்கு அருகே, தஞ்சோங் பகாரில், 50 அடுக்குகள் கொண்ட ஏழு கோபுரங்களை 2009-இல் கட்டி முடித்தது அரசின் வீடமைப்புக் கழகம். 1,848 வீடுகள்! நடுத்தரக் குடும்பங்களுக்கு 99 ஆண்டுக் குத்தகையில் விற்கப்பட்ட வீடுகள்! அங்கும் நிலம் அருமைதான், விலை கடுமைதான். எனினும் அரசு நினைத்தது, நடந்தது.

ஆகவே, பழுது உயரத்தில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது. மும்பைக் கோபுரங்களைத் துடைத்து, பெருக்கி, காவல் காப்பவர்களில் எத்தனையோ பேர், பொழுது சாய்ந்ததும் மின்சார ரயிலில் நசுங்கி, நெடுந்தொலைவு போய்த்தான் படுக்கிறார்கள். ஊரின் நடுவில் உழைப்பு வேண்டும், உழைப்பவன் மட்டும் வேண்டாமா?

மாடிகள் உயரட்டும்! ஆனால், ஆலை மூடிய இடமெங்கும், முதல் செங்கல் உழைத்தவன் வீட்டுக்காக வைக்கப்படட்டும். இது இரந்து கேட்கும் பிச்சையல்ல, தோழர்களே, உழைத்தவனுக்கு வரவேண்டிய பாக்கி!