செயலிகள் தமிழ் பேசும்போது

'செல்வம்க்கு 1 புதிய செய்திகள் வந்துள்ளது.'

கைப்பேசித் திரையில் இப்படி ஓர் அறிவிப்பு தோன்றினால் நமக்குப் பொருள் புரிந்துவிடும். ஆயினும், முகம் சுளிப்போம். இதில் உள்ள சொற்கள் அனைத்தும் தமிழ்ச்சொற்களே. ஆனால், தமிழர் எவரும் இவ்வாறு பேசுவதில்லை. 'செல்வத்திற்கு ஒரு புதிய செய்தி வந்துள்ளது' என்பதே முறையான தமிழ். இவ்வளவு சிறிய வாக்கியத்தில் மூன்று பிழைகள் எவ்வாறு நுழைந்தன? நன்கு தமிழறிந்த மொழிபெயர்ப்பாளர் பணியாற்றியிருந்தாலும் இப்பிழைகள் நேரக்கூடும். ஏனெனில், அந்தச் செயலி வேறொரு மொழியின் இலக்கணத்தை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது.

ஒரு நாட்டில் உருவாகும் மென்பொருளை வேறொரு மொழியினரும் நாட்டினரும் இயல்பாகப் பயன்படுத்தும் வகையில் மாற்றியமைப்பதை 'உள்ளூர்மயமாக்கல்' என்பர். இது வெறும் மொழிபெயர்ப்பு அன்று. மொழிபெயர்ப்பு அதன் ஒரு பகுதி மட்டுமே. 5/4 என்று எழுதினால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது ஏப்ரல் 5. அமெரிக்காவிலோ அது மே 4. ஒரே மொழி வழங்கும் நாடுகளுக்கிடையிலும் வேறுபாடுகள் உண்டு. தமிழ்நாட்டில் ஓர் இலட்சத்தை 1,00,000 என்று காற்புள்ளியிட்டு எழுதுவர். நாம் 100,000 என்று எழுதுகிறோம். எனவே, 'தமிழ்' என்று மட்டும் சொன்னால் மென்பொருளுக்குப் போதாது. எந்நாட்டுத் தமிழ் என்பதையும் அதற்குச் சொல்ல வேண்டும்.

இவை அனைத்திற்கும் முன்பு, கணினி தமிழ் எழுத்துகளை அறிந்திருக்க வேண்டும். கணினிக்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. ஒவ்வோர் எழுத்தையும் அது ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஓர் எண்வரிசையைப் பயன்படுத்தியது. இதனால் ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல் மற்றவர் கணினியில் புரியாத கிறுக்கல்களாகத் தோன்றியது. இச்சிக்கலைத் தீர்க்க நம் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள் பெரிதும் உழைத்தனர். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு' மென்பொருளும், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி மேற்கொண்ட இணைய முயற்சிகளும் குறிப்பிடத்தக்கவை. 1997-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டில் எழுத்துக் குறியீடும் விசைப்பலகையும் விரிவாக விவாதிக்கப்பட்டன. இன்று உலகமெங்கும் 'ஒருங்குறி' என்னும் பொதுத்தரம் பின்பற்றப்படுகிறது. அதில் 'க' என்ற எழுத்துக்கு 2965 என்ற எண் வழங்கப்பட்டுள்ளது. எந்த நாட்டில், எந்தக் கருவியில் திறந்தாலும் அந்த எண் 'க' என்றே தோன்றும்.

எழுத்துகள் சரியாகத் தெரிந்தபின் சொற்களின் சிக்கல் தொடங்குகிறது. செயலியில் உள்ள பொத்தான்கள், அறிவிப்புகள், எச்சரிக்கைகள் ஆகியவற்றின் சொற்களையும் வாக்கியங்களையும் நிரலிலிருந்து தனியே பிரித்துப் பட்டியலாக்குவர். அப்பட்டியலே மொழிபெயர்ப்பாளரிடம் வந்து சேரும். பல வேளைகளில் அவர் திரையைப் பார்ப்பதில்லை. பட்டியலை மட்டுமே பார்க்கிறார். அதில் 'ஓப்பன்' என்ற ஆங்கிலச் சொல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 'திற' என்னும் கட்டளையா, 'கடை திறந்திருக்கிறது' என்னும் தகவலா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழிலோ வெவ்வேறு சொற்கள். ஆகவே, சிறந்த நிறுவனங்கள் ஒவ்வொரு சொல்லுடனும் அதன் இடத்தைக் காட்டும் திரைப்படத்தையோ விளக்கக் குறிப்பையோ சேர்த்து அனுப்புகின்றன.

அடுத்தது பெயர்களின் சிக்கல். நாம் முதலில் கண்ட அறிவிப்பில் 'செல்வம்' என்ற பெயர் பட்டியலில் இருக்காது. அங்கு ஒரு வெற்றிடம் மட்டுமே இருக்கும். செயலி இயங்கும்போது பயனரின் பெயர் அந்த இடத்தில் வந்து அமரும். ஆங்கிலத்தில் பெயர் மாறுவதில்லை. அதற்கு முன் ஒரு சிறு சொல்லைச் சேர்த்தால் போதும். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. வள்ளி 'வள்ளிக்கு' ஆகிறாள். குமார் 'குமாருக்கு' ஆகிறான். கமலா 'கமலாவுக்கு' ஆகிறாள். செல்வமோ 'செல்வத்திற்கு' ஆகிறான். வெற்றிடத்திற்குப் பின்னால் 'க்கு' என்று எழுதிவைத்தால் வள்ளிக்கு மட்டுமே அது பொருந்தும்! இந்நிலையில் அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தையே மாற்றிவிடுவார். 'பெறுநர்: செல்வம்' என்று எழுதினால் எப்பெயர் வந்தாலும் பிழை நேராது.

எண்ணிக்கையும் இவ்வாறே. ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒருமை, பன்மை என இரண்டு வடிவங்கள் உண்டு. மலாய், சீனம் ஆகிய மொழிகளில் எண்ணுக்கேற்பப் பெயர்ச்சொல் மாற வேண்டியதில்லை. அரபு மொழிக்கோ மென்பொருளில் ஆறு வடிவங்கள் வரை தேவைப்படுகின்றன. இத்தகைய விதிகளை மொழிவாரியாகத் திரட்டி, ஒருங்குறி அமைப்பு ஒரு பொதுத் தரவுத்தொகுப்பாக வெளியிடுகிறது. நிரலர் அதனைப் பயன்படுத்தினால் '1 செய்திகள்' என்ற பிழை தோன்றாது. பயன்படுத்தத் தவறினால் மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் பயனில்லை.

திரையின் அளவையும் மறந்துவிடக்கூடாது. ஆங்கிலத்தில் 'அண்டூ' என்ற நான்கெழுத்துச் சொல் அடங்கும் பொத்தானில் 'செயல்தவிர்' என்ற சொல் அடங்காமல் போகலாம். கீ, கு போன்ற எழுத்துகளின் மேற்பகுதியோ கீழ்ப்பகுதியோ வெட்டுப்பட்டும் தோன்றலாம். இதனை முன்கூட்டியே கண்டறிய, நிறுவனங்கள் ஓர் எளிய உத்தியைக் கையாளுகின்றன. மொழிபெயர்ப்பைத் தொடங்குவதற்கு முன்பே ஆங்கிலச் சொற்களைச் செயற்கையாக நீட்டி, விசித்திரமான குறிகளைச் சேர்த்துத் திரையில் இட்டுப் பார்ப்பார்கள். எந்தப் பொத்தான் உடைகிறதோ அதை அப்போதே சரிசெய்வார்கள்.

இப்பணிகளுக்கு உதவப் பல கருவிகள் உள்ளன. 'மொழிபெயர்ப்பு நினைவகம்' ஏற்கெனவே மொழிபெயர்த்த வாக்கியங்களைச் சேமித்துவைத்து, அதே போன்ற வாக்கியம் மீண்டும் வரும்போது எடுத்துக்கொடுக்கும். கலைச்சொல் தொகுப்பு, ஒரு பொருளுக்கு ஒரே சொல் எங்கும் வருமாறு பார்த்துக்கொள்ளும். ஒரு பக்கத்தில் 'கடவுச்சொல்' என்றும் மறுபக்கத்தில் 'மறைச்சொல்' என்றும் இருந்தால், இரண்டும் வேறு வேறோ எனப் பயனர் குழம்புவார் அல்லவா?

கணினியே மொழிபெயர்க்க வேண்டும் என்ற கனவும் பழையதே. 1954-இல் நியூயார்க் நகரில் ஐபிஎம் நிறுவனமும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் இணைந்து, அறுபதுக்கும் மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களைக் கணினியின்வழி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் காட்டின. சில ஆண்டுகளில் இச்சிக்கல் முழுமையாகத் தீர்ந்துவிடும் என நம்பப்பட்டது. அந்நம்பிக்கை பலிக்கவில்லை. இலக்கண விதிகளை ஒவ்வொன்றாகக் கற்பிக்கும் முறை பின்னர் மாறியது. மனிதர்கள் செய்த ஏராளமான மொழிபெயர்ப்புகளிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் முறை வந்தது. கூகுள் மொழிபெயர்ப்புச் சேவையில் 2011-இல் தமிழ் இடம்பெற்றது. 2016 முதல் செயற்கை நுண்ணறிவு சார்ந்த புதிய முறை அச்சேவையில் பயன்பாட்டுக்கு வந்து, மொழிபெயர்ப்பின் ஓட்டத்தை வெகுவாக மேம்படுத்தியது. எனினும், கணினி படித்த நூலளவே அதன் நுண்ணறிவு. ஆங்கிலத்தோடு ஒப்பிடும்போது இணையத்தில் தமிழ் எழுத்தாக்கங்கள் குறைவு. அதனால் தமிழில் பிழைகளும் மிகுதி.

பிழை சிரிப்போடு முடிந்துவிட்டால் கவலையில்லை. சில பிழைகள் உயிருக்கே ஊறு விளைவிக்கும். நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியிலுள்ள மருந்தகங்களில், ஸ்பானிய மொழியில் கணினி உருவாக்கிய மருந்து ஒட்டுத்தாள்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். 2010-இல் வெளியான அந்த ஆய்வின்படி, பார்வையிட்ட 76 ஒட்டுத்தாள்களில் பாதியில் பிழைகள் இருந்தன. சில ஒட்டுத்தாள்களில் ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்திருந்தன. இதன் ஆபத்தை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'ஒரு முறை' என்று பொருள்படும் 'ஒன்ஸ்' என்ற சொல், அதே எழுத்துகளோடு ஸ்பானிய மொழியில் 'பதினொன்று' என்று பொருள்படும்! நாளுக்கு ஒரு முறை உண்ண வேண்டிய மருந்தை ஒருவர் பதினொரு முறை உண்டால் என்னாகும்?

இதனால்தான் பொறுப்புள்ள நிறுவனங்கள் கணினியின் மொழிபெயர்ப்பை அப்படியே வெளியிடுவதில்லை. கணினி முதல் வரைவைத் தருகிறது. மொழிபெயர்ப்பாளர் அதனைத் திருத்துகிறார். பின்னர், அம்மொழி பேசுவோர் செயலியைப் பயன்படுத்திப் பார்த்துக் குறைகளைச் சுட்டுகின்றனர். சிங்கப்பூர் அரசாங்கம் 2022-இல் அறிமுகப்படுத்திய மொழிபெயர்ப்பு இணையவாசலிலும் இவ்வழியே பின்பற்றப்படுகிறது. உள்ளூர் வழக்கிற்கேற்ப மொழிபெயர்க்கும் அதன் கருவியைப் பொதுமக்கள் பயன்படுத்தலாம். திருத்தங்களைப் பரிந்துரைத்து மேம்படுத்தவும் செய்யலாம்.

நம் வீட்டில் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த பாட்டியோ தாத்தாவோ இருக்கலாம். மருத்துவமனைக்கு முன்பதிவு செய்வதும் வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் இன்று செயலிகளின்வழியே நடைபெறுகின்றன. செயலியின் தமிழ் அவர்களுக்குப் புரியாவிட்டால், ஒவ்வொரு முறையும் பிறர் உதவியை நாட வேண்டியிருக்கும். ஆகவே, அடுத்த முறை திரையில் பிழையான தமிழைக் கண்டால், சிரித்துவிட்டு ஆங்கிலத்திற்கு மாறிவிடாதீர்கள். செயலியில் உள்ள 'கருத்துத் தெரிவிக்க' என்ற பகுதிக்குச் சென்று, சரியான வாக்கியத்தை எழுதி அனுப்புங்கள். நல்ல தமிழ் எது என்பதைக் கணினிக்குச் சொல்லித்தர, அம்மொழியைப் பேசி வளர்ந்த நம்மைவிடத் தகுதியானவர் யார்?